ஹாடெர்சைலில் நட்ட மண்வெட்டி

ஏல்கே ஹோய்ட்ஸ்மா கடலணையில் தன் மண்வெட்டியை நட்டுவிட்டுக் கனடாவுக்குக் கப்பல் ஏறப் போன மறுநாள் காலை, கடல் வந்து அவருடைய பண்ணையை மட்டும் எடுத்துக்கொண்டது. அணை உடையவில்லை. மதகு திறக்கவில்லை. ஹாடெர்சைலில் பால் கறக்க எழுந்தவர்கள் பார்த்தபோது, ஹோய்ட்ஸ்மா பண்ணையின் மேல் ஒன்றரை ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. நான்கு பக்கமும் வாய்க்கால் எல்லையோடு, சுவர் எழுப்பியதுபோல் செங்குத்தாக நின்றது. பக்கத்து வயலில் ஒரு சொட்டு சிந்தவில்லை. தண்ணீருக்குள் வீடும் கொட்டகையும் ஆப்பிள் மரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஓட்டுக்கூரை மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்து நிலத்துக்காரர் ட்யாலிங் பைமாவின் பசு ஒன்று அந்தச் சுவரில் முதுகைத் தேய்த்துப் பார்த்தது, நனைந்தது, நகர்ந்துகொண்டது. அது 1951-ஆம் ஆண்டு இலையுதிர் காலம். அந்த வாரம் வெண்ணெய் விலை சரிந்திருந்தது. ஊரில் அதிகம் பேசப்பட்டது அதைப் பற்றித்தான்.

கடல் செய்ததில் தவறு சொல்ல எங்களால் முடியவில்லை. கடல்மட்டத்துக்குக் கீழே குடியிருக்கும் ஊர் எங்களுடையது. ஒவ்வொரு பண்ணைக்கும் அணையில் ஒரு பங்கு உண்டு. அதைக் காப்பது அந்தப் பண்ணைக்காரரின் கடமை. முடியாமல் போனால் வெட்கப்பட வேண்டியதில்லை. காலால் மிதித்து இறக்கும் நேரான மண்வெட்டி எங்களுடையது. அதைத் தன் பங்கு அணையில் நட்டுவிட்டு, உடுத்திய துணியோடு போய்விடலாம். அதை யார் பிடுங்குகிறாரோ அவருக்கு நிலம், வீடு, மாடு எல்லாம், அணையும் அவருக்கு. பிடுங்கும்போது அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் காதில் விழ, புயல் அடிக்கிற ஒவ்வொரு இரவும் அணைமேல் நிற்பேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதில் இல்லாமல் சொன்னால் மண்வெட்டி அசையாது. நட்டவரின் ரத்த உறவு எவரும் பிடுங்கக் கூடாது. இல்லாவிட்டால் அண்ணன் அணையைக் கெடுத்துவிட்டுப் போவான், தம்பி வந்து நிலத்தைச் சுருட்டிக்கொள்வான். பிடுங்கும்வரை நிலம் யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லாதது கடலுடையது. பல நூறு வருடமாக இதுதான் விதி. அத்தனை வருடமும் கடல் எங்களோடுதான் இருந்தது, அதற்கும் இது தெரிந்திருந்தது. தனக்குரியதை எடுத்துக்கொண்டது, ஒரு சாண் கூடுதலாக எடுக்கவில்லை.

ஏல்கேயின் அப்பா வோப்கே அந்த வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மனைவியை இழந்தவர், அறுபத்தேழு வயது. மகனும் மருமகளும் கிளம்பும்போதே, நான் எங்கும் வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டார். தண்ணீர் வந்த காலையில் அவர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார், தண்ணீருக்கு அடியிலும் உட்கார்ந்தே இருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ட்யாலிங்கின் மனைவி ஃபெம்கே சுவருக்கு வெளியே நின்று, "வோப்கே அண்ணே, வெளியே வாங்க! ஊறுகாயா ஆயிடப் போறீங்க!" என்று கத்தினாள். அவர் வாயசைத்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை. பிறகுதான் ஒரு குமிழி மெல்ல மேலேறிப் போய் உடைந்தது கவனத்துக்கு வந்தது. ட்யாலிங் ஏணி கொண்டுவந்து தண்ணீர்ச் சுவரில் சாத்தி மேலே ஏறி, அடுத்த குமிழிக்குப் பக்கத்தில் காதை வைத்தார். "அடுப்புல காபி இருக்கு. குடிச்சிட்டு யோசிக்கிறேன்" என்றது அது. அன்றிலிருந்து அந்த ஏணி அங்கேயே இருந்தது. தண்ணீருக்குள் வேறு யார் தலையை நீட்டினாலும் மூச்சு முட்டியது. வோப்கேயை மட்டும் அது ஒன்றும் செய்யவில்லை.

காரணம் ஊருக்குத் தெரியும். அந்தப் பண்ணை வோப்கேக்குப் பரம்பரையாக வந்ததல்ல. 1911-இல் அவர் வாய்க்கால் வெட்டும் கூலியாள். கிழிந்த சட்டையும் பிளந்த மரச்செருப்புமாக மேற்கிலிருந்து நடந்து வந்தவர். அணையில் எவரோ நட்டுப் போன மண்வெட்டியைப் பார்த்தார், இரண்டு பேரைக் கூப்பிட்டார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், பிடுங்கினார். அன்று மாலை நாற்பது பசுவுக்கு எஜமானராகப் படுக்கப் போனார். பிற்பாடு அணைகளையும் வாய்க்கால்களையும் கவனிக்கும் ஊர் நீர்ச்சபையில் உறுப்பினராகவும் ஆனார். நிலத்தை மகனுக்கு எழுதிக் கொடுத்தார். ஆனால் அணைமேல் கொடுத்த வாக்கை அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. மகன் நட்டது மகனுடைய கடமையைத்தான். அப்பாவின் வாக்கு அப்படியே இருந்தது, அந்த வாக்குக்குள் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் வெளியே காலெடுத்து வைத்தால் அதுவும் தீர்ந்துவிடும். அப்புறம் யார் வந்து எதைப் பிடுங்கினாலும் நிலம் கடலைவிட்டு வராது. ஆகவே அவர் இடம் பிடித்து வைத்திருப்பவரைப் போல உள்ளேயே இருந்தார், பிடுங்க வருகிற ஆளுக்காக.

வோப்கேயின் மகள் ஹிஸ்கே அப்போது ஆம்ஸ்டர்டாமில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தாள். தந்தி கிடைத்து ரயிலேறி வந்தவள் நேராக ஏணியில் ஏறினாள். கோட்டு, தொப்பி, நகரத்துக் காலணி எதையும் கழற்றவில்லை. அப்பா உள்ளே வேலிப்பக்கம் வந்து நின்றார். அவருடைய தாடி பக்கவாட்டில் மிதந்தது. "போதும்பா, வந்துடுங்க" என்றாள். "நான் வந்துட்டா எவன் வந்து பிடுங்குவான்? கடலுக்கே பட்டா போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்றது முதல் குமிழி. யாருமே வராவிட்டால் என்று அவள் கேட்டாள். அவர் சிரித்தார், சிரிப்பு சின்னச் சின்னதாக மேலே வந்து வெடித்தது. "நான் வரலையா? என்னை யாரு கூப்பிட்டா? அப்படி ஒருத்தன் இந்நேரம் எங்கயாவது கிளம்பியிருப்பான். நீ போய்ப் படி." அவள் இறங்கினாள், போனாள், படித்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரயிலேறி வந்து ஏணியில் ஏறினாள். இருபத்து மூன்று வருடம் அந்த வழக்கம் மாறவில்லை, புகழ் வந்த பிறகும் மாறவில்லை.

புகழ் அந்த ஏணியிலிருந்துதான் வந்தது. நேராக நிற்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு விஷயம் தோன்றியது. கடலை நிறுத்துவது அணையும் இல்லை, பம்பும் இல்லை. அதை நிறுத்துவது ஊர் கூடி ஒப்புக்கொண்ட ஒன்று. அந்த ஒப்பந்தம் நியாயமாக இருந்தால் செருப்பில்லாதவன்கூட ஒரு நாள் நிலக்காரன் ஆவான், நாடு செழிக்கும். ஒரு சிலருக்காக வளைந்தால் எந்த இயந்திரம் வந்தாலும் அது அந்தச் சிலரின் பையைத்தான் நிரப்பும். இதை அவள் பெரிய புத்தகமாக எழுதினாள். எங்கள் ஊர் நீர்ச்சபைக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்தாள். பேராசிரியர் பதவி வந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பொருளாதாரக்காரர்கள் ரசமட்டத்தோடு வந்து, தண்ணீர்ச் சுவர் நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்த்தார்கள். நேராகத்தான் இருந்தது. வெயில் நாட்டு அமைச்சர் ஒருவர் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல தண்ணி இப்படி ஒழுங்கா நிக்கணும்னா நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார். ஹிஸ்கே அவருக்கு ரொம்ப நேரம் விளக்கினாள். பால் கேனோடு அந்தப் பக்கம் வந்த ஃபெம்கே, "மொதல்ல எல்லாரையும் வந்து வாய்க்கால் தூர்வாரச் சொல்லுங்க சார், மத்தது தானா வரும்" என்று சொல்லிவிட்டு, கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுக் கேனை வோப்கேயிடம் நீட்டினாள். அமைச்சர் இரண்டையும் குறித்துக்கொண்டார் என்று கேள்வி.

ஆனால் பிடுங்க ஆள் வரவில்லை. வேடிக்கைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். மாணவர்கள் ஒருமுறை உழவுக்குதிரை இரண்டைக் கட்டி இழுத்தார்கள், மண்வெட்டி காதில் வாங்கவே இல்லை. நிஜமாகப் பிடுங்கும் எண்ணத்தோடு வந்தவன் ஒரே ஒருவன்தான். ட்ரெண்டே மாகாணத்து மணல்காட்டிலிருந்து சைக்கிளில் வந்த ரூலோஃப் என்ற இளைஞன். ஹிஸ்கே அவனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தாள். அவன் மண்வெட்டியில் கை வைத்துவிட்டுச் சபைத் தலைவரான ட்யாலிங்கிடம், "புயல் ராத்திரி ஒண்ணு விடாமயா? ஞாயித்துக்கிழமையிலயுமா?" என்று கேட்டான். "கடலுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாதுப்பா" என்றார் ட்யாலிங். அவன் மண்வெட்டியிலிருந்து கையை எடுத்தான். பிறகு பக்கத்து ஊர்ப் பால்பவுடர் தொழிற்சாலைக்கு எந்த வழி என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அங்கே எட்டு மணி நேர வேலை, கோடையில் விடுமுறை, காய்ச்சல் வந்தாலும் சம்பளம். வாய்க்காலை இயந்திரம் தூர்வாரியது, மின்சாரப் பம்ப் தானாக ஓடியது, நிலத்துக்கு அடியில் எரிவாயு வேறு கிடைத்துவிட்டது. பிளந்த செருப்போடு மேற்கிலிருந்து நடந்து வர நாட்டில் ஒருவனும் மிச்சமில்லை. மண்வெட்டியைப் பிடுங்கத் தேவை இல்லாத நாடுதான் செழித்த நாடு. இதை ஹிஸ்கே தன் இரண்டாம் புத்தகத்தில் தானே அட்டவணை போட்டுக் காட்டியிருந்தாள். அந்த அட்டவணையைத் திருத்தி முடித்த அன்று அவள் அழுதாள் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அறுபத்து மூன்றாம் வருடக் குளிரில் தண்ணீரின் மேல்பாகம் ஓர் ஆளைத் தாங்கும் கனத்துக்கு உறைந்துபோனது. ஹிஸ்கே கோடாலியால் பனிக்கட்டியில் துளை போட்டு, அதன் பக்கத்தில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெகு நேரம் கழித்து ஒரு குமிழி வந்தது. "கொஞ்சம் குளிருதும்மா" என்றது. பன்னிரண்டு வருடத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதன் பிறகு அவளுக்குக் கடல் மேலும் அக்கறை இல்லை, நாடுகளின் செழிப்பு மேலும் அக்கறை இல்லை. அப்பாவை உலர்ந்த நாற்காலி ஒன்றில், உலர்ந்த போர்வை போர்த்தி உட்கார வைக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில் வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டனவா என்று பார்வையிட்டு முடித்து நீர்ச்சபை கூடியது. வழக்கம்போல் பட்டாணிக் கஞ்சி, புகைபோட்ட இறைச்சி, பிறகு காபியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும். பிஸ்கட் டப்பாவை ஃபெம்கே உடனே மூடிவிட்டாள். ஹிஸ்கே எழுந்து, ரத்த உறவு பிடுங்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள், நான் வேலையை விட்டுவிட்டு வந்து பிடுங்குகிறேன், புயல் ராத்திரியெல்லாம் நிற்கிறேன் என்றாள். எங்கள் சபையில் ஓட்டெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை பேசுவோம், ஒருவர் ஒப்பவில்லை என்றாலும் அடுத்த வருடம். அந்த ஒருவர் ட்யாலிங்காக இருந்தார். தினமும் வோப்கேக்குப் பால் அனுப்புகிறவர் அவர்தான். அவர் கண் கலங்கியிருந்தது. "விதிய ஒருத்தருக்காக வளைச்சா அது விதியே இல்ல, தண்ணி அன்னிக்கே படுத்துடும்னு நீதானம்மா எழுதியிருக்கே. நான் ரெண்டு வாட்டி படிச்சேன்" என்றார். ஹிஸ்கே, "அது மத்த நாட்டுக்கு எழுதினது மாமா" என்றாள். தன் வாதத்தைத் தன் முன்னாலேயே இவ்வளவு மரியாதையாக ஒருவர் நீட்டினால் மனிதரால் என்னதான் பதில் சொல்ல முடியும்? அடுத்த வருடமும் கேட்டாள், அதற்கடுத்த வருடமும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் ட்யாலிங் அழுதார், ஒவ்வொரு முறையும் மறுத்தார்.

அப்போதுதான் ஹேக்கிலிருந்து அரசாங்கம் அவளை ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டது. நாட்டில் எங்களுடையதைப் போன்ற சின்னச் சின்ன நீர்ச்சபைகள் எண்ணிக்கையில்லாமல் இருந்தன. அவற்றையெல்லாம் சேர்த்துச் சில பெரிய சபைகளாக்கினால் என்ன என்பது கேள்வி. ஹிஸ்கே நல்ல அறிக்கை எழுதினாள். பெரிய பம்ப் வேண்டும், பெரிய பம்புக்குப் பெரிய சபை வேண்டும், படித்த பொறியாளர்கள் வேண்டும், பெரும்பான்மை ஓட்டில் ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டும். எல்லாம் உண்மை. கணக்கில் அவள் பொய் சொல்லவில்லை, காரணத்தில்தான் சொன்னாள். ஓட்டெடுக்கும் சபையில் ரத்த உறவு பற்றிய அந்த ஒரு வரியை நீக்க ஒரு மத்தியானம் போதும் என்பதுதான் அவள் மனதில் இருந்தது, அதை அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. எழுபத்து நான்கில் சட்டம் வந்தது.

எங்கள் சபை கடைசியாகக் கூடிய நாளில் ஹிஸ்கே வந்து எல்லாவற்றையும் விளக்கினாள். அவள் விளக்கினால் சிறுபிள்ளைக்கும் புரியும். ட்யாலிங் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்போ மண்வெட்டி?" அவள், "அதுவும் கூடவே வரும் மாமா. சேர்றதுன்னா எல்லாமே சேர்றதுதானே" என்றாள். அதை அவள் எங்கேயும் சரிபார்த்திருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் மற்ற நாடுகளின் சட்டத்தைச் சல்லடை போட்டுச் சலித்தவள், சொந்த ஊரில் சும்மா நம்பினாள். ட்யாலிங், "நீ படிச்சவ, நீ சொன்னா சரிதான்" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. பல நூறு வருடச் சபை, தன்னைக் கலைத்துக்கொள்ள முழு மனதாக ஒப்புக்கொண்டது. ஃபெம்கே அன்று டப்பாவை மூடவில்லை. வேண்டியவர்கள் இரண்டாவது பிஸ்கட் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை.

புது அலுவலகம் நகரத்தில், மூன்றாம் மாடியில் இருந்தது. ஹிஸ்கே போய் மண்வெட்டி விஷயத்தைச் சொன்னாள். அங்கிருந்த இளம் பொறியாளர் மரியாதையானவர், நாற்காலி போட்டார், இரண்டு அறைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். "மேடம், அது எந்தப் பிரிவுலயும் வரல. ரத்த உறவுன்னு ஒரு தடையும் இப்ப இல்ல. எங்களுக்கு ஆட்சேபணையே கிடையாது, நீங்க தாராளமா பிடுங்கிக்கலாம்" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஆட்சேபணை இல்லை என்பதற்கு அனுமதி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் ஒரு நாட்டின் தலைவிதி என்று பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் பாடம் எடுத்தவள் அவள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அப்பாவுக்கு என்ன நிறத்தில் போர்வை வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏணியில் ஏறிச் செய்தியைச் சொன்னாள். "வர்ற சனிக்கிழமை நானே பிடுங்கப் போறேன்பா." தொண்ணூறு வயது வோப்கே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீயா? நீ என் பொண்ணாச்சே" என்றது குமிழி. "அந்த விதி இப்ப இல்லப்பா." அவர் முகம் மாறியது. அடுத்த குமிழி மேலே வர வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. "எது இல்ல?" என்றது. அவள், எல்லாம் நல்லபடியாகத்தான் முடியும், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று சொல்லி, ரயிலுக்கு நேரமானதால் இறங்கிவிட்டாள். அந்த வாரம் முழுக்க வோப்கே வேலியோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்ததாகவும், பால் கேனை வாங்கக்கூட மறந்ததாகவும் ஃபெம்கே சொன்னாள்.

சனிக்கிழமை காலை காற்றே இல்லை. ஹிஸ்கே புது ரப்பர் காலணி போட்டிருந்தாள், கையில் பொதியாகப் போர்வை. ட்யாலிங் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி ஃபெம்கே, கீழே தண்ணீர்ச் சுவர்ப் பக்கம் பாலோடு நின்றவள், அங்கிருந்தே காதில் விழும் என்றாள். புயல் அடிக்கிற ஒவ்வொரு இரவும் அணைமேல் நிற்பேன் என்று ஹிஸ்கே சொன்னாள். அப்படி மனதாரச் சொன்னவர் எவரையும் நான் கண்டதில்லை என்று ட்யாலிங் பின்னால் சொல்லிச் சொல்லி அழுதார். பிறகு பிடியைப் பற்றினாள். அதே சமயம் உள்ளே வோப்கே ஓடிவந்து சுவரோடு ஒட்டி நின்று, இரண்டு கையையும் ஆட்டி என்னவோ சொன்னார். ஃபெம்கே பார்த்தாள். குமிழி ஒன்று, வழக்கத்தைவிடப் பெரியது, மேலே போவதைப் பார்த்தாள். ஏணிமேல் யாரும் இல்லை. அவள் கேனைக் கீழே வைப்பதற்குள் அது உடைந்துவிட்டது.

மண்வெட்டி வந்துவிட்டது. உழவுக்குதிரைக்கு அசையாதது, வெண்ணெயில் செருகிய கத்தியைப் போல ஒரே இழுப்பில் வந்தது. சபையோடு விதியும் கலைந்திருந்தது, எதுவும் அதைப் பிடித்திருக்கவில்லை. மண்ணில் குத்திய வெறும் இரும்பு அது. ஹிஸ்கே அதைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் கடலுக்குத் திரும்பப் போவதைப் பார்க்கத் திரும்பினாள். தண்ணீர் எங்கேயும் திரும்பவில்லை. சுவர் லேசாகச் சாய்ந்தது, பிறகு ரொம்ப நாள் நின்றவர் உட்காருவதைப் போல நிதானமாகத் தாழ்ந்து, ட்யாலிங்கின் வயலுக்குள் போனது, அதற்கடுத்த வயலுக்குள் போனது, சர்ச் வாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனது. எல்லை என்று நாங்கள் வைத்திருந்த எதையும் அது கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஊர் முழுக்கச் சமமாகப் பரவி, கணுக்கால் உயரத்தில் நின்றது. வேலியோரத்தில் வோப்கே குப்புறக் கிடந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார், அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது என்றார். ஹிஸ்கே உலர்ந்த போர்வையை அவர்மேல் போர்த்தினாள். அது உடனே நனைந்துபோனது.

அவரைப் புதைக்கப் பாதிரியார் ரப்பர் காலணியோடு வந்தார், மற்றவர்களும் அப்படித்தான். புதுச் சபை இரண்டு பெரிய பம்புகளை அனுப்பியது. அவை இன்றுவரை ஓடுகின்றன, தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே இறங்கியதில்லை. வரி ரசீதில் அதற்கென்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. கட்டிலுக்கும் மேஜைக்கும் உயரக் கால்கள் வைத்துக்கொண்டோம். பசுக்களுக்குக் குளம்பில் நோய் வந்தது, பிறகு பழகிவிட்டது. ஊர் ஏழையாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. விலாங்கு மீன் நல்ல விலைக்குப் போகிறது, குளிர்காலத்தில் வீட்டு வாசலிலிருந்தே சறுக்கலாம், எங்கள் பிள்ளைகள் இருவர் சறுக்குப் பந்தயத்தில் பெரிய பரிசு வாங்கிவந்தார்கள். தலைக்கு வருமானம் வருடா வருடம் ஏறியது. ஹிஸ்கே தன் கடைசி விரிவுரையில் இந்த எண்களையெல்லாம் படித்தாள். என் கணக்கில் எங்கேயும் பிழை இல்லை என்றாள், அதோடு உட்கார்ந்துவிட்டாள். மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளுடைய புத்தகம் இன்னும் பாடமாக இருக்கிறது.

வேலையை விட்டுவிட்டு அப்பாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. புயல் அடிக்கிற ஒவ்வொரு இரவும் அவள் அணைமேல் போய் நின்றாள். நகரத்து அலுவலகத்திலிருந்து, அணையைக் கருவிகள் கவனித்துக்கொள்கின்றன, வயதான காலத்தில் சிரமப்பட வேண்டாம் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார்கள். தினமும் காலையில் அந்த மண்வெட்டியை எடுத்துப் போய், அது முன்பு இருந்த இடத்தில், காலால் மிதித்து, பிடி நடுங்கும்வரை ஆழமாக இறக்கிவிட்டு வருவாள். சாயங்காலத்துக்குள் அது சாய்ந்து விழுந்துவிடும். முதலில் எங்களுக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இப்போது அணைமேல் சைக்கிளில் போகிற பிள்ளைகள் இறங்கி, அதை எடுத்து, யார் காலும் தடுக்காதபடி ஓரமாகச் சாத்திவிட்டுப் போகிறார்கள்.